பன்னிரண்டு என்று ஒட்டிய ஒன்பது

திங்கட்கிழமை காலை, ஒரு காகித ஆலையின் உலர்த்தும் கூடத்தில், ஆள் உயர விசிறி ஒன்று தன் தாங்கியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டிய ஆள் அந்த நேரம் பார்த்துத் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அவருடைய முக்காலி மூன்று துண்டாகிக் கிடந்தது. ஆலைக்காரர்கள் முக்காலியைப் படம் எடுத்து அனுப்பினார்கள். விசிறியைப் படம் எடுக்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

படம் வந்து சேர்ந்த இடம், அந்த விசிறியைச் செய்து விற்ற நிறுவனத்தின் இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னலோர மேசை. அங்கே உட்கார்ந்திருப்பவளைப் பட்டறையில் எல்லோரும் தசமம் என்பார்கள். சுமாராக எவ்வளவு என்று கேட்டால் புள்ளிக்கு அந்தப் பக்கம் மூன்று இலக்கம் சொல்லிவிட்டு, "சுமாரா" என்று சேர்த்துக்கொள்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

ஊஞ்சலைச் சரியான தாளத்தில் தள்ளினால், தள்ளுவது சின்னப் பிள்ளையானாலும் அது உயர உயரப் போகும். சுற்றுகிற பொருளுக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. அந்த வேகத்தை நெருங்கினால் தன்னைத்தானே உலுக்கிக்கொண்டு செத்துப்போகும். அந்தக் கெட்ட வேகம் எது என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் தசமத்தின் வேலை. காகித ஆலை விசிறி நிமிடத்துக்கு 990 சுற்று ஓடும். அதன் கெட்ட வேகம் 1310, அதாவது எட்டாத தூரத்தில் இருக்கிறது என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். முக்காலி வேறு மாதிரிச் சொன்னது.

மேலாளர் மேசைக்கே வந்துவிட்டார். அவர் பட்டப்பெயர் சுருக்கம். எதையும் சுருக்கமாகச் சொல்லச் சொல்லுவார். அவர் மட்டும் நீளமாகப் பேசுவார். அன்று அவரும் சுருக்கமாகத்தான் பேசினார்.

"வெள்ளிக்கிழமை கூட்டம். காரணம் தெரியணும். உங்க கணக்குல பிசகுன்னா, கையெழுத்துப் பட்டியல்ல உங்க பேரை வெச்சிருக்க முடியாது."

அந்தப் பட்டியலில் மொத்தமே மூன்று பெயர். அதில் ஏறத் தசமத்துக்குப் பதினோரு வருஷம் ஆனது. அவள் கையெழுத்து இருந்தால் பட்டறை வெட்ட ஆரம்பிக்கும். இல்லாவிட்டால் இரும்புத் தகடு அப்படியே கிடக்கும். அவளிடம் சொந்தமாக இருந்த ஒரே பெரிய பொருள் அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அத்தான் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு வந்தார்.

அத்தான் என்றால் அவளுடைய அக்காவின் கணவர்தான். கீழ்த்தளத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள். ஆறு வருஷத்துக்கு முன் வேலையில்லாமல் இருந்தவரை, "என் பொறுப்பு" என்று சொல்லிக் கூட்டிவந்து சேர்த்துவிட்டவளே அவள்தான். உலகம் முழுக்கப் பொதுவாக இறக்கிக்கொள்ளும் மென்பொருளை இந்த நிறுவனத்தில் நேராக யாரும் இறக்க முடியாது. எல்லாம் முதலில் அத்தானிடம் வரும். அவர் சோதித்து, பொட்டலம் கட்டி, எண் ஒட்டித் தன் கிடங்கில் வைப்பார். மற்றக் கணினிகள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். மளிகைக் கடைக்கு மொத்த வியாபாரி எப்படியோ, அப்படி. அதனால் அவருக்கும் கிடங்கு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அத்தான் என்று கூப்பிடுவது கட்டடத்தில் ஒருத்திதான்.

"மனசை விட்டுடாத," என்றார் அத்தான். "உன் புரோகிராம்ல எங்கேயோ சின்னப் பிசகு இருக்கும். வா, வரி வரியா பாப்போம். நான் இருக்கேன்ல."

நாலாயிரம் வரி. அத்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையில் விரல் வைத்துப் படித்தார். தேநீரும் அவரே வாங்கிவந்தார். சாயங்காலம் வரை இரண்டு பேரும் சல்லடை போட்டதில், எதற்கும் பயன்படாமல் கிடந்த இரண்டு வரி கிடைத்தது. அதற்கே அத்தான் புதையல் எடுத்த மாதிரி நிமிர்ந்தார்.

"பாத்தியா, இது எதுக்கு இருக்கு?"

"ஒண்ணுக்கும் இல்லை அத்தான். எடுத்துட்டாலும் அதே விடைதான் வரும்."

எடுத்துப் பார்த்தார்கள். அதே விடைதான் வந்தது. அத்தான் முகம் விழுந்தது. தனக்காக இப்படி ஒரு மனிதர் வருத்தப்படுகிறாரே என்று தசமத்துக்குக் கண் கலங்கியது.

புதன்கிழமை அவளுக்கு ஒரு வழி தோன்றியது. விசிறியைக் கணினிக்குச் சொல்லும்போது அதை ஆயிரக்கணக்கான துண்டாக்கி, துண்டுக்கு ஓர் எண் கொடுப்பார்கள். எண்ணைத் தலைகீழாகக் கொடுத்தால் என்ன? வாழைத்தாரை மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் பழம் கூடக்குறைய ஆகிவிடாது. விடையும் மாறக் கூடாது.

மாறியது. 1310 இருந்த இடத்தில் 1187.

இன்னொரு விதமாகக் கலைத்து எண்ணிக் கொடுத்தாள். 1243.

"ஒரே விசிறி, மூணு விடை," என்றாள். "அத்தான், இது என் வரி இல்லை. என் வரி தப்புன்னா மூணும் ஒரே மாதிரி தப்பா வரணும். அடியில இருக்குற கணித லைப்ரரி எதையோ முழுங்குது."

பெருக்கல், கூட்டல், பெரிய பெரிய அட்டவணைகளைக் கரைத்து விடை எடுப்பது, இதையெல்லாம் எவனும் தானே எழுதிக்கொள்ள மாட்டான். ஊரெல்லாம் நம்பும் லைப்ரரி ஒன்றைக் கிடங்கிலிருந்து எடுத்து, அதன் மேல்தான் தன் கணக்கைக் கட்டுவான். அந்த லைப்ரரியின் ஒன்பதாம் பதிப்பில் ஒரு கோளாறு இருந்தது. அட்டவணை ஓர் அளவுக்கு மேல் போனால், வேலையை எட்டுக் கூறாகப் பிரித்துச் செய்யும்போது கடைசிக் கூறில் கொஞ்சத்தைக் கீழே சிந்திவிடும். சின்னக் கணக்கில் தெரியவே தெரியாது. தசமம் இதை இரண்டு வருஷத்துக்கு முன்பே படித்திருந்தாள். பெரிய விசிறிகளில் கைவைக்கும் முன், பன்னிரண்டாம் பதிப்பு போட்டுத் தாருங்கள் என்று எழுதியே கேட்டாள். போட்டாச்சு என்று பதில் வந்தது. கணினியில் உள்ள மென்பொருள் பட்டியலைத் திறந்து, பன்னிரண்டு என்று இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பெரிய கணக்குகளைத் தொட்டாள்.

"ரவுண்டிங்கா இருக்கும்," என்றார் அத்தான்.

"நூத்தி இருபத்துமூணு சுத்து வித்தியாசம் ரவுண்டிங்கா?"

"லைப்ரரியைச் சொல்லாத. உலகமே அதை வெச்சுத்தான் ஓடுது." அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, பட்டியலைத் திறந்து காட்டினார். "பாரு. பன்னிரண்டு. புதுசு இருக்கான்னு கேக்குறேன். 'இதுவே புதுசு'ங்குது. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

அதற்கு மேல் என்ன கேட்பது? அவள் மீண்டும் தன் நாலாயிரம் வரிக்குள் இறங்கினாள்.

வியாழக்கிழமை காலை படிக்கட்டில் சுருக்கம் எதிரே வந்தார்.

"கிடங்குகிட்ட விசாரிச்சேன். மென்பொருள் எல்லாம் சுத்தமா இருக்காம். பிசகு உங்க வரிகள்லதான்னு சொல்றாரு. பாவம், அவருக்கே சங்கடமாத்தான் இருக்கு. உறவுக்காரங்க வேற. ஆனா உள்ளதைச் சொல்லித்தானே ஆகணும்?"

தசமத்துக்குச் சுருக்கென்றது. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனாலும் அவர் தெரிந்ததைத்தானே சொல்கிறார், நாளைக்குத் தனக்காகப் பொய்யா சொல்ல முடியும் என்று அவளே அவருக்கு வக்கீலாகி, வழக்கைத் தள்ளுபடி செய்தாள்.

அன்று அவள் வீட்டிலிருந்து தன் சொந்த மடிக்கணினியைக் கொண்டுவந்திருந்தாள். அதற்குக் கிடங்கு கிடையாது. எதுவானாலும் பொது இடத்திலிருந்து நேராக இறங்கியது. அதே நாலாயிரம் வரி, அதே விசிறி. ஓட்டினாள்.

1004.

எண்ணைத் தலைகீழாக்கினாள். 1004. கலைத்தாள். 1004.

விசிறி ஓடுவது 990. கெட்ட வேகம் 1004. முக்காலி மூன்று துண்டாகாமல் என்ன செய்யும்?

தசமமும் அவள் அக்காவும் ஒரு துணிக்கடையின் பின்பக்கம் வளர்ந்தவர்கள். முனையில் ஒட்டிய சீட்டைப் படித்துவிட்டு எந்த வியாபாரியும் துணி வாங்க மாட்டான். மடிப்பைப் பிரித்து, உள்ளே விரலை விட்டு நெருடிப் பார்ப்பான். இரண்டு வருஷமாகத் தான் சீட்டை மட்டுமே படித்துவந்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போது உறைத்தது. பொட்டலத்தின் மேல் ஒட்டிய எண் ஒரு பக்கம் இருக்கட்டும், லைப்ரரியையே கேட்டால் தன் வயதைத் தானே சொல்லும். அலுவலகக் கணினியில் கேட்டாள்.

ஒன்பது, என்றது.

பொட்டலம் கட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை மாற்றினாலும், என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், யார், என்றைக்கு என்று ஒரு குறிப்பு எழுதி உள்ளே வைப்பார்கள். எழுதாவிட்டால் பொட்டலமே கட்ட வராது. யாரும் அதைத் திறந்து படிப்பதில்லை. ஊரையே ஏமாற்றுகிறவனும் அந்த இடத்தில் பொய் எழுத மாட்டான். அது அவனுக்கும் அவன் தொழிலுக்கும் நடுவில் உள்ள சமாசாரம். நாளைக்குத் தானே திரும்பி வந்து பார்க்கும்போது குழம்பிவிடக் கூடாதே. தசமம் அந்தக் குறிப்பைத் திறந்தாள்.

'உள்ளே பழைய ஒன்பதேதான். எண்ணை மட்டும் பன்னிரண்டு என்று மாற்றியிருக்கிறேன். தணிக்கைக்காக. பிறகு சரிசெய்ய வேண்டும். — கிடங்கு.' கீழே இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. போட்டாச்சு என்று அவளுக்குப் பதில் வந்த அதே தேதி.

அவள் இழுப்பறையைத் திறந்து, அந்தத் தேதிக்குப் பின் அனுப்பிய பெரிய விசிறிகளின் கணக்குத் தாள்களை எடுத்தாள். ஆறு. ஒவ்வொன்றிலும் கடைசியில் அவள் கையெழுத்து. அதன் கீழே 'மென்பொருள் சரிபார்த்தது' என்ற இடத்தில் அத்தானின் கையெழுத்து, வாலைச் சுழித்து அழகாக. ஆறு முறையும் பேனா கொஞ்சமாவது நடுங்கியிருக்கிறதா என்று உற்றுப் பார்த்தாள். இல்லை.

கீழ்த்தளத்தில் கணினிகளின் இரைச்சலுக்கு நடுவே அத்தான் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தசமம் குறிப்பை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தாள். அவர் வாங்கிப் படித்தார். தன் எழுத்தைத் தானே படிக்க ஒருவருக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"பன்னிரண்டைப் போட்டுப் பாத்தேன்மா," என்றார் கடைசியில். "விலைப்புள்ளி போடுற புரோகிராம் படுத்துடுச்சு. அதைச் சரிபண்ண ஒரு மாசம் ஆகும். ரெண்டு நாள்ல தணிக்கை. அவங்க நம்பரை மட்டும்தான் பாப்பாங்க. அதான், தற்காலிகமா."

"ரெண்டு வருஷம்."

"நாள் ஓடிடுச்சு."

"அதை விடுங்க அத்தான். ரெண்டு நாளா என் பக்கத்துல உக்காந்து வரி வரியா படிச்சீங்களே, அது எதுக்கு? தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு?"

அத்தான் கம்பியைக் கீழே வைத்தார். "நடிக்கலை. நிஜமாவே தேடினேன். உன்னோடதுலயும் ஏதாவது ஒண்ணு இருந்துடாதான்னு தேடினேன்."

அவர் உண்மையைச் சொன்னார், அதுதான் சிக்கல். செவ்வாய்க்கிழமை அவர் முகம் விழுந்தது தனக்காக என்று நினைத்துக் கண் கலங்கியது தசமத்துக்கு நினைவு வந்தது. அந்தக் கண்ணீரை இப்போது எந்தக் கடையில் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

"ஒண்ணு பண்ணலாம்," என்றார் அத்தான், குரலைத் தாழ்த்தி. "இன்னைக்கே நிஜப் பன்னிரண்டைப் போட்டுடறேன். நீ நாளைக்கு, ஒரு நம்பரைத் தப்பா அடிச்சுட்டேன்னு சொல்லிடு. மனுஷங்க தப்பு பண்றதுதான். பட்டியல்லேருந்து ஆறு மாசம் எடுப்பாங்க, அப்புறம் போட்டுடுவாங்க. எனக்குன்னா வேலையே போயிடும்."

"ஒரு நம்பரைத் தப்பா அடிச்சேன்னா, இந்த ஒரு விசிறிதான் தப்புன்னு ஆயிடும். மீதி அஞ்சு?"

"ஓடிட்டுத்தானே இருக்கு?"

"இதுவும் ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஓடிட்டுத்தான் இருந்துச்சு."

சாயங்காலம் அக்கா வந்தாள். தசமத்தின் குடியிருப்பு நாலாம் மாடி. மின்தூக்கி வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க வாங்க ஏறிவந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அக்கா பேச்சை ஆரம்பித்தாள். துணிக்கடையில் அப்பாவுக்கு அடுத்தபடி பேரத்தில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். ஒரு முழம் குறைத்து வெட்டிவிட்டு, வாங்கினவரையே நன்றி சொல்ல வைப்பாள்.

"முழுசும் உன் தப்புன்னு சொல்லச் சொல்லி நான் கேக்க மாட்டேன்," என்றாள். "அது நியாயமில்லை. பாதின்னு சொல்லு. நீயும் சரியா பாக்கலை, அவரும் சரியா பாக்கலை."

"நான் பாத்தேன்கா. எழுதிக் கேட்டேன். பன்னிரண்டுன்னு காட்டுச்சு."

"சரி, பாதி வேணாம். யாரு மேலயும் இல்லைன்னு சொல்லு. மென்பொருள்ல கோளாறு, அவ்வளவுதான். மென்பொருளுக்கு என்ன, பொண்டாட்டி பிள்ளையா?"

"யாரு போட்டதுன்னு கேப்பாங்க."

"கேட்டா, விசாரிச்சுச் சொல்றேன்னு சொல்லு. ஒரு மாசம் தள்ளு. அதுக்குள்ள அவர் வேற இடம் பாத்துப்பாரு."

"ஒரு மாசம் அஞ்சு விசிறி பக்கத்துல ஆள் உக்காந்திருப்பாங்க."

அக்கா சோபாவில் உட்கார்ந்து, தலையணை உறையின் நூலைப் பிரித்துக்கொண்டே, கடைசிச் சரக்கை எடுத்துப் போட்டாள்.

"ஏண்டி, ரெண்டு வருஷம் ஒண்ணும் ஆகலையேன்னுதானே நாங்க நிம்மதியா இருந்தோம்."

நாங்க.

தசமம் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "உனக்கு எப்போ தெரியும்?"

அக்கா பேரத்தில் கெட்டிக்காரிதான். ஆனால் கைநழுவிய வார்த்தையை எப்படி மடித்து வைப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை. "அவர் அன்னைக்கே சொன்னாரு. தூக்கம் வரலைன்னு. உன்கிட்ட சொல்லட்டுமான்னு கேட்டாரு. நான்தான் வேணாம்னேன். நீ ஒண்ணைப் பிடிச்சா விட மாட்டே, புள்ளிக்கு அப்புறம் மூணு நம்பர் வரைக்கும் போவே. சின்ன விஷயம்னு நினைச்சேன்டி."

இந்த இரண்டு வருஷத்தில் அக்கா வீட்டில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டிருப்போம் என்று தசமத்துக்கு ஒரு கணக்கு ஓடியது. இந்த ஒரு தடவை சுமாராக நிறுத்திக்கொண்டாள்.

"படிக்கட்டு இருட்டா இருக்கும்," என்றாள். "டார்ச் எடுத்துட்டுப் போ."

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஏழு பேர். அத்தான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, காகிதக் கோப்பையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டிருந்தார். சுருக்கம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சுருக்கமா."

"கணித லைப்ரரி பழைய பதிப்பு," என்றாள் தசமம். "பெரிய கணக்குல தப்பு விடை தரும்னு ஊருக்கே தெரிஞ்ச பதிப்பு. மேல பன்னிரண்டுன்னு எண் ஒட்டியிருக்கு. உள்ள ஒன்பது. இதோட ஆறு விசிறி வெளியே போயிருக்கு. அஞ்சு இன்னும் ஓடுது. முதல்ல அதை நிறுத்தணும்."

"எண்ணை யார் மாத்தினது?"

அவள் அத்தானைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, 'நான்தான்' என்று அவராகச் சொல்லிவிட்டால், ஆறு வருஷத்துக்கு முன் என் பொறுப்பு என்று சொன்னதில் ஒரு பங்காவது மிஞ்சும். அத்தான் கோப்பையின் விளிம்பை ஒரு சுற்று முழுசாகக் கிழித்து முடித்தார். பிறகு அவரும், பதிலைக் கேட்க ஆவலாக இருக்கிற மற்ற ஐந்து பேரைப் போலவே, நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

தசமம் குறிப்பை எடுத்து, பெயரும் தேதியும் உட்பட வாசித்தாள்.

சுருக்கம் அன்று நீளமாகவே பேசினார். கிடங்கின் சாவியை அன்றே ஒப்படைக்க வேண்டும் என்றார். பிறகு தசமத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க கேட்டிருக்கீங்க, பதில் வாங்கியிருக்கீங்க. அது சரி. ஆனா எண்ணைப் பாத்தீங்களே தவிர, உள்ள பாக்கலை. ஆறு கணக்கையும் திரும்பப் போட்டு, வெளியாள் ஒருத்தர் ஒத்துக்கிட்ட பிறகுதான் உங்க கையெழுத்து செல்லும். அதுவரைக்கும் பட்டியல்ல ரெண்டு பேருதான்."

நியாயமான விலைதான். அவள் பேரம் பேசவில்லை.

ஐந்து ஆலைக்கும் அவளே தொலைபேசியில் பேசினாள். முதலாமவர் திட்டினார். இரண்டாமவர் எழுத்தில் கேட்டார். மூன்றாமவர் உடனே நிறுத்தினார்; நான்காமவரைச் சம்மதிக்க வைக்க மேலாளரின் பெயரை இழுக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது, கூரை ஓடு செய்யும் ஒரு தொழிற்சாலை. பேசியவர் அங்கே மேற்பார்வையாளர், நிதானமான மனிதர்.

"தாள்ல ரெண்டு கையெழுத்து இருக்கேம்மா," என்றார். "மேல இருக்குறது நீங்க. கீழ இருக்குறது?"

"மென்பொருள் பாக்குறவர்."

"ரெண்டு பேர் பாத்ததுன்னுதானே நம்பினோம். இனிமே உங்க கையெழுத்தை நம்பலாமா?"

"நம்பாதீங்க," என்றாள் தசமம். "அடுத்த வாரம் புதுத் தாள் அனுப்புறேன். அதை வேற யார்கிட்டயாவது கொடுத்து, வேற கணினியில ஒருமுறை போட்டுப் பாக்கச் சொல்லுங்க. ஒத்து வந்தா வெச்சுக்கங்க. இப்போ விசிறியை மட்டும் நிறுத்துங்க."

"நிறுத்திடறேன். ஆனா உடனே நிக்காது, தெரியும்ல? தானா சுத்தி ஓயணும். பத்து நிமிஷம் ஆகும்."

"பக்கத்துல யாரும் நிக்காம பாத்துக்கங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் தொலைபேசியை எங்கோ வைத்துவிட்டுப் போனார். ஒரு பொத்தான் அழுத்தும் ஓசை. பிறகு விசிறியின் இரைச்சல்.

ஜன்னல் வழியே கீழே வாகனம் நிறுத்தும் இடம் தெரிந்தது. அத்தான் தன் பையைப் பின்னிருக்கையில் வைத்துவிட்டு, கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மேலே பார்க்கவில்லை. ஆனால் கிளம்பவும் இல்லை. ஆறு வருஷமாகச் சாயங்காலம் அவளையும் ஏற்றிக்கொண்டு போகிறவர், இன்றைக்கும் அவள் இறங்கி வந்துவிடுவாள் என்பதுபோல. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக வண்டியை எடுத்தார்.

தசமம் காதில் வைத்திருந்த தொலைபேசியில் இரைச்சல் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஓர் இடத்தில், அதன் கெட்ட வேகத்தைத் தாண்டும்போது, தடதடவென்று ஒரு நடுக்கம் வந்து, கடந்து போனது. அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் நிற்கவில்லை. தனித்தனியாக எண்ணக்கூடிய அளவுக்குச் சுற்றுகள் மெதுவாகும் வரை காத்திருந்து, பிறகு அவற்றை எண்ணத் தொடங்கினாள்.